ஏறினது தானாக இறங்கும்: மலைப்பாதைப் பயத்தில் நான் தொலைத்த பத்தொன்பது மாதங்கள்

சேலத்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வேலையில் பாதி ஊருக்குள், மீதிப் பாதி மேலே சேர்வராயன் மலையின் காபி எஸ்டேட்டுகளில். பழம் பறிக்கும் காலத்தில் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மோட்டார்கள் மக்கர் செய்யும், பிப்ரவரி, மார்ச்சில் பூ பிடிக்கத் தண்ணீர் தெளிக்கும் பம்புகள் எரியும். பன்னிரண்டு வருஷமாக வாரம் இரண்டு தடவை பைக்கில் ஏறி இறங்கிய ஏற்காட்டுப் பாதை அது. அடிவாரத்திலிருந்து மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். 2022 நவம்பரில் ஒரு காலை, கீழிருந்து பதின்மூன்றாவது வளைவில், நான் சாகப் போகிறேன் என்று முழுசாக நம்பினேன். அதற்குப் பிறகு பத்தொன்பது மாதம் அந்த மலைப் பக்கமே தலை வைக்கவில்லை. அன்றைக்கே யாராவது உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தால் பத்தொன்பது மாதம் பத்தொன்பது நாளாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று நடந்தது இதுதான். முந்தின இரவு ஒரு மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டி முடிக்க மணி இரண்டாகிவிட்டது. நாலு மணி நேரத் தூக்கம். காலையில் சாப்பிடாமல் கிளம்பி அடிவாரத்தில் இரண்டு டீ குடித்தேன். அந்த ஆடி மாதம்தான் அப்பா மாரடைப்பில் போயிருந்தார், அந்த நினைப்பு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பதின்மூன்றாவது வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிரே இறங்கியது. ஒதுங்கி நிறுத்தினேன். காது அடைத்தது. நெஞ்சுக்குள் உலக்கை போட்டுக் குத்துகிற மாதிரி துடிப்பு. மூச்சு உள்ளே போகவே இல்லை என்று தோன்றியது. உதட்டைச் சுற்றிக் குறுகுறுவென்று ஆகி, விரல்கள் மரத்து, கிளட்ச் பிடித்த கை அப்படியே மடங்கிக்கொண்டது. பக்கத்துப் பள்ளம் என்னை இழுக்கிற மாதிரி இருந்தது. தடுப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பால் வண்டிக்காரர் ஒருவர் தண்ணீர் கொடுத்து, பைக்கைக் குட்டியானையில் ஏற்றி என்னைக் கீழே அனுப்பி வைத்தார். அடிவாரம் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அந்த 'சரியானது'தான் என்னைக் கெடுத்தது. கீழே இறங்கியதால் பிழைத்தேன் என்று என் உடம்பு பாடம் எழுதிக்கொண்டது.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணம் இருக்கிறது, அது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. காது அடைத்தது உயரத்தால். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அவ்வளவு உயரத்தை முக்கால் மணி நேரத்தில் ஏறினால் காற்றழுத்தம் குறைந்து யாருக்கும் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். அந்த உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் மூச்சு முட்டாது. உயரத்தால் வரும் சீக்கு பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். உதடு குறுகுறுத்ததும் விரல் மடங்கியதும் வேகவேகமாக மூச்சு விட்டதால். அப்படி விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைகிறது, நரம்பும் தசையும் முறுக்கிக்கொள்கின்றன, தலை சுற்றுகிறது. நமக்கோ காற்று போதவில்லை என்று தோன்றி இன்னும் வேகமாக இழுக்கிறோம். நெஞ்சு அடித்தது அட்ரினலின். தூக்கமில்லாத உடம்பு, வெறும் வயிறு, இரண்டு டீ, புதுத் துக்கம் எல்லாம் விறகு மாதிரி அடுக்கி வைத்திருந்தன, லாரி தீக்குச்சி. டாக்டர்கள் இதைப் பானிக் அட்டாக் என்கிறார்கள். சில நிமிஷத்தில், பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள், உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கிவிடும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நெஞ்சு வலியைப் பயம்தான் என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. முதல் தடவை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நெஞ்சு இறுக்கி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், குளிர்ந்த வியர்வை கொட்டினால், நடந்தாலோ படி ஏறினாலோ வந்து உட்கார்ந்தால் விட்டால், பதினைந்து நிமிஷத்துக்கு மேல் விடாமல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்களும் நாற்பது தாண்டியவர்களும் இதில் துளியும் யோசிக்க வேண்டாம்.

நான் செய்த தவறு போனதில் இல்லை, திரும்பத் திரும்பப் போனதில். முதல் நாள் இரவு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, ஒரு ராத்திரிப் படுக்கை: 4,800 ரூபாய். எல்லாம் நார்மல். அடுத்த வாரம் இதய டாக்டரிடம் எக்கோவும் டிரெட்மில் டெஸ்டும்: 5,200. நார்மல். அப்போதே நின்றிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. கோயம்புத்தூர் போய் சிடி ஆஞ்சியோ எடுத்தேன், வண்டி வாடகையோடு 17,500. அதுவும் நார்மல். கேஸ் டிரபுளாக இருக்கும் என்று யாரோ சொல்ல எண்டோஸ்கோபி, 6,000. நடுவில் ராத்திரி பயந்து எடுத்த ஈசிஜிகள் ஒரு 2,000. தாயத்து, மந்திரிப்பு, பரிகாரம் என்று 7,000. கூட்டினால் 42,500. ஒவ்வொரு 'நார்மல்' ரிப்போர்ட்டும் இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள் 'அவங்க கவனிக்காம விட்டிருந்தா?' என்று ஆரம்பிக்கும். ஒரே தடவை முறையாகப் பாருங்கள். ஈசிஜி, டாக்டர் சொன்னால் எக்கோ, டிரெட்மில். கூடவே ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். ஒரு டாக்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 'இதயம் நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள்.

ரிப்போர்ட் அலைச்சலைவிடப் பெரிய நஷ்டம் வேலையில். முதல் ஒரு மாதம் 'உடம்பு சரியில்லைங்க' என்று எஸ்டேட் ரைட்டரிடம் சொன்னேன். அப்புறம் பைக் ரிப்பேர், கல்யாணம், காரியம் என்று ஏதேதோ. மூன்றாம் மாதம் அவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். மலை வேலையில் மாதம் சராசரி 12,000 வரும். பத்தொன்பது மாதத்துக்கு 2,28,000 ரூபாய். அதுவும் மலையோடு நிற்கவில்லை. நாலாவது மாதம் தருமபுரி போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நெஞ்சு அடித்தது, அந்த வழியை விட்டேன். அப்புறம் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம். மேலே ஏறிவிட்டால் நடுவில் இறங்க முடியாதே என்று கீழ் ரோட்டிலேயே சிக்னல் சிக்னலாக நின்று போனேன். கடைசியில் ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் நிற்க முடியாமல் பாதியில் திரும்பினேன். எனக்குப் பயம் மலைமேல் இல்லை, சட்டென்று வெளியேற முடியாத இடங்கள் மேல். ஒரு இடத்தைத் தவிர்த்தால் அடுத்த இடத்துக்கு அது நகர்ந்து வந்துவிடும். இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்: ஒதுங்க ஒதுங்கப் பயம் சுருங்காது, வேலி நம் வாசலை நோக்கித்தான் நகரும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தொரு வயசு ஆம்பளை பாலம் ஏறப் பயப்படுகிறான் என்று எப்படிச் சொல்வது? ராத்திரி பட்டறையைச் சாத்திவிட்டு ஷட்டருக்குள்ளேயே உட்கார்ந்து அழுத நாட்கள் உண்டு.

அந்தச் சமயத்தில், இது இருந்தால்தான் தைரியம் என்கிற கைக்கோல்கள் சேர்ந்தன. எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில். கூட மகன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது. போகும் வழியில் ஆஸ்பத்திரி எங்கெங்கே என்று எண்ணி வைப்பது. சட்டைப் பையில் அல்பிரசோலம் 0.25 மாத்திரை. இது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து, எனக்குத் தெரிந்த மெடிக்கலில் சும்மாவே கிடைத்தது. போட்டால் அரை மணியில் அடங்கும். நாலு மாதத்தில் அரை மாத்திரை ஒன்றாகி, ஒன்று இரண்டாகியது. போடாத நாளில் கை நடுங்கியது. இந்த வகை மாத்திரை உடம்புக்குச் சீக்கிரம் பழகும், தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்ட வைக்கும். எல்லாவற்றையும்விட மோசம், பயம் தானாக இறங்கும் என்பதைக் கற்றுக்கொள்ள விடாது. கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்திக் காப்பாற்றுகிற ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகிறது என்று ரிலேவையே பைபாஸ் பண்ணி மோட்டார் ஓட்டுகிற வேலை அது. ஏற்கெனவே பழகியிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம். எனக்கு டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எட்டு வாரத்தில் நிறுத்தினார். சிலருக்கு தினமும் போடுகிற வேறு வகை மருந்து கொடுப்பார்கள். அது பலன் தரச் சில வாரம் ஆகும், பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

வழி திறந்தது 14416 என்ற எண்ணில். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன். எதிர்முனையில் பேசியவரிடம் முதல் தடவையாக நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டுப் பாருங்கள் என்றார். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்தப் பிரிவு உண்டு, காசு கிடையாது, காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டால் பார்த்துவிடலாம். 'மெண்டல் ஆஸ்பத்திரி' என்று நினைத்துக் கூசிப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பரீட்சைப் பயத்தோடு ஒரு பொண்ணு, பின்னால் தூக்கம் வராத ஒரு தறிக்காரர். அவ்வளவுதான்.

அந்த டாக்டர் அம்மா என் தொழிலைக் கேட்டார். சொன்னேன். 'மோட்டாரை ஸ்டார்ட் பண்ணும்போது கரண்ட் எவ்வளவு எடுக்கும்?' என்றார். அஞ்சு எச்பி மோட்டார் ஓடும்போது ஏழரை ஆம்ப், நேரடியாக ஸ்டார்ட் பண்ணும்போது அதைப்போல ஆறு மடங்கு எகிறும் மேடம் என்றேன். 'எகிறினதும் பயந்து சுவிட்சை அணைச்சிட்டா?' ஓடவே ஓடாது மேடம், இரண்டு மூணு செகண்டு விட்டா தானா இறங்கிடும். 'உங்களுக்கும் அதேதாங்க. ஏறினது தானா இறங்கும். அது இறங்குறதுக்குள்ள நீங்க இறங்கிடுறீங்க.'

பட்டறைக்கு வந்து, கரண்டை அளக்கிற டாங் டெஸ்டரை ஒரு வயரில் மாட்டி மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். முள் நாற்பதைத் தாண்டி அடித்தது, சரசரவென்று இறங்கியது, ஏழரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆயிரம் தடவை பார்த்த முள். அன்றைக்குப் பத்துத் தடவை வேண்டுமென்றே போட்டுப் பார்த்தேன்.

இனி செய்முறை. முதலில் அறிகுறிகளோடு பழக வேண்டும், இடத்தோடு பிறகு. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விட வேண்டும். உதடு குறுகுறுக்கும், தலை சுற்றும். ஒரு நிமிஷம் மாடிப்படி ஏறி இறங்கினால் நெஞ்சு அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜூஸ் ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிஷம் மூச்சு விட்டால் காற்று போதாத உணர்வு வரும். நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் சுற்றினால் கிறுகிறுப்பு. மலையில் வந்த அதே உணர்ச்சிகள், வீட்டுக் கூடத்தில், ஆபத்தில்லாமல். நாளைக்கு மூன்று தடவை, இரண்டு வாரம். இருதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. இரண்டாம் வாரக் கடைசியில் குறுகுறுப்பு வந்தால் 'அட, இது அந்த ஸ்ட்ரா மூச்சு' என்று அடையாளம் தெரிந்தது.

அப்புறம் ஏணி. பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க். ஜோசப் வோல்பே என்ற தென்னாப்பிரிக்க டாக்டர் கொண்டுவந்த அளவு இது என்றார் டாக்டர் அம்மா. அதற்கும் முன்னால், 1924-இல், மேரி கவர் ஜோன்ஸ் என்கிற அமெரிக்கப் பெண்மணி முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சின்னப் பையனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டை நாளுக்கு நாள் பக்கத்தில் கொண்டுவந்து பயத்தைப் போக்கியிருக்கிறார். நமக்கு முயல் கூண்டுக்குப் பதில் இருபது வளைவுகள். ஏற்காட்டுப் பாதை இந்த வேலைக்கென்றே எண் போட்டு வைத்த ஏணி. நோட்டில் எழுதினேன்: ஏற்காடு ரோட்டில் கோரிமேடு வரை போய் மலையைப் பார்த்து நிற்பது, 20 மார்க். அடிவாரத்தில் டீக்கடையில் அரை மணி, 30. பஸ்ஸில் மகனோடு மேலே போய் வருவது, 45. பஸ்ஸில் தனியாக, ஜன்னல் ஓரம், 55. பைக்கில் மூன்றாவது வளைவு, 60. ஆறாவது, 65. பத்தாவது, 75. பதின்மூன்றாவதுக்கு முன்னால் அகலமான இடத்தில் நிற்பது, 85. தனியாக மேலே ஏற்காட்டு ஒண்டிக்கடை வரை, 90. மூடுபனியில் இறங்குவது, 100. படிகளுக்கு நடுவே பத்து, பதினைந்து மார்க்குக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் நடுவில் இன்னொரு படி போட வேண்டும். உங்கள் பயம் மேடைப் பேச்சாக இருந்தாலும் ஊசியாக இருந்தாலும் நாயாக இருந்தாலும் ஏணி கட்டும் விதம் இதுவே. ஒரு விலக்கு மட்டும்: ரத்தம், ஊசி பார்த்து உண்மையிலேயே மயங்கி விழுகிறவர்களுக்குப் பிரஷர் இறங்குவதால் அது நடக்கிறது. அவர்கள் கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியோடு சேர்த்துச் செய்ய வேண்டும். மற்றப் பயங்களில் பிரஷர் ஏறத்தான் செய்யும், அதனால் மயங்கி விழுவது அபூர்வம்.

விதிகள் கொஞ்சம்தான், ஆனால் இவற்றில் தளர்ந்தால் வேலை நடக்காது. வாரம் நாலு அல்லது ஐந்து நாள். வாரம் ஒரு நாள் போனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருக்கும். அந்த இடத்துக்குப் போய் மார்க் எழுத வேண்டும், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்ப எழுத வேண்டும், ஆரம்பித்த மார்க்கில் பாதியாகும் வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் இருக்கும்போது மட்டும் திரும்பக் கூடாது. முதல் நாள் மூன்றாவது வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் எனக்கு 70, 75, 75, 60, 50, 40, 30 என்று முப்பது நிமிஷம் ஆனது. நாலாவது நாள் பன்னிரண்டு நிமிஷம். கிளம்புமுன் 'என்ன நடக்கும்னு பயப்படறேன்' என்று ஒரு வரி, வந்ததும் 'என்ன நடந்தது' என்று ஒரு வரி. 'கை மடங்கி பிரேக் பிடிக்க முடியாமப் போகும்' என்று பதினோரு தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூட நடக்கவில்லை. அந்தப் பக்கம்தான் எனக்கு மிகப் பெரிய மருந்து. ஒரு படியில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 30-க்குக் கீழே வந்தால் அடுத்த படி.

எங்கே சறுக்கினேன் என்பதையும் சொல்கிறேன். மூன்றாவது வாரம் தைரியம் வந்துவிட்டது என்று ஆறாவது வளைவிலிருந்து நேராக மேலே போய்விடலாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். விடுமுறைக் கூட்டம், வரிசையாகக் கார்கள், நடுவில் மாட்டிக்கொண்டு 95-இல் திரும்பினேன். இரண்டு வாரம் போச்சு. பயிற்சிக்கு வார நாள், காலை ஆறு முதல் எட்டு. இன்னொன்று, ஆழமாக மூச்சிழுத்துப் பயத்தை அமுக்கப் பார்த்தது. வயிறு உப்ப மெதுவாக மூச்சு விடுவது நல்லதுதான், ஆனால் 'இதை விட்டா செத்துடுவேன்' என்று அதைப் பிடித்துக்கொண்டால் அதுவும் இன்னொரு கைக்கோல். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போவதும், வீட்டுக்குப் போன் போட்டு 'ஒண்ணும் ஆகாதுல்ல?' என்று கேட்பதும் அப்படியே. கைக்கோல்களை ஒரே நாளில் வீச வேண்டாம், படிக்கு ஒன்றாக விடுங்கள். எனக்கு முதலில் போனது நாடி பார்ப்பது, கடைசியில் போனது தண்ணீர் பாட்டில்.

ஒரு விஷயத்தை இதில் பிரித்துப் பார்க்க வேண்டும். பயத்தில் ஒரு பங்கு நியாயமானது. மலைப்பாதை உண்மையிலேயே கவனம் கேட்கும் இடம். பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். விஷயத்தைச் சொன்னதும் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. 'தம்பி, நீ பன்னெண்டு வருஷமா தப்பாத்தான் ஓட்டிருக்க, அதிர்ஷ்டம் காப்பாத்திருக்கு' என்று சொல்லிப் பின்னால் உட்கார்ந்து வந்தார். இறக்கத்தில் நான் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவேன். அது பெரிய தப்பு. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கருகின வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கிப் பதினைந்து நிமிஷம் ஆற விட வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு, அதில் இறங்குகிறவர்கள் நடுவில் இரண்டு தடவையாவது நிறுத்திப் பிரேக்கை ஆற வைப்பது நல்லது. கியர் குறைப்பதும் வேகம் குறைப்பதும் வளைவுக்கு முன்னால், வளைவுக்குள் இல்லை. ஹாரன் அடித்து, இடப் பக்கமே நின்று, ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். மண்ணோ சருகோ கிடந்தால் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக் கூடாது. மூடுபனியில் டிம் லைட், பிரைட் போட்டால் பனியே வெள்ளைச் சுவராக எதிரே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே கண். 'பள்ளத்தைப் பாத்தா வண்டி பள்ளத்துக்குப் போகும், ரோடு எங்க முடியுதோ அங்க பாரு' என்றார். வளைவின் மறுமுனையைப் பார்த்து ஓட்டினேன். பள்ளம் இழுப்பது அன்றோடு பாதியாகக் குறைந்தது. பயிற்சிக்கு நிறுத்தும் இடமும் முக்கியம், வளைவிலோ வளைவை ஒட்டியோ ஒருக்காலும் நிறுத்தக் கூடாது. மழை கொட்டினால் பாறையும் மண்ணும் சரியும், அன்றைக்குப் போகாமலிருப்பது பயந்து ஒதுங்குவதில் சேராது.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் 'ஏங்க, இதுக்கா இத்தனை நாளு எங்கிட்ட மறைச்சீங்க?' என்று அழுதாள். அப்புறம் நல்ல எண்ணத்தில் எனக்குப் பதிலாக எல்லா வேலைக்கும் மகனை அனுப்ப ஆரம்பித்தாள். அதுவும் கைக்கோல்தான் என்று டாக்டர் அம்மா அவளையும் கூப்பிட்டு விளக்கினார். 'ஒண்ணுமில்ல, தைரியமா இருங்க' என்பதால் பிரயோஜனம் இல்லை, உள்ளே இருப்பவனுக்கு அது பெரிய ஒன்று. திட்டினால் மறைக்கத்தான் தோன்றும். அவள் பழகிக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: 'இப்ப எவ்வளவுங்க?' நான் எண்ணைச் சொல்வேன். 'சரி, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேக்கறேன்.' அவ்வளவுதான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே அவள் அப்படிக் கேட்டது எனக்கு எந்த ஊசியும் தராத பலம்.

2024 ஜூனில் ஆரம்பித்து, பதினோரு வாரத்தில் தனியாக ஒண்டிக்கடை வரை போய் ஏரிக்கரையில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். பெட்ரோல், பஸ் கட்டணம், டீ எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்க்குள் முடிந்தது. விட்டுப்போன எஸ்டேட்டுகளில் இரண்டு திரும்ப வந்தன, மூன்று வரவில்லை. பயம் அடியோடு போய்விட்டதா என்றால் இல்லை. அந்த ஐப்பசி மழையில் மூன்று வாரம் போகாமல் விட்டதில் மறுபடி 60-க்கு ஏறிவிட்டது. அப்படி ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், இரண்டு படி கீழே இறங்கிச் செய்தால் போதும், எனக்கு நாலே நாளில் சரியானது. நல்ல வெயிலில் மட்டுமே பழகிவிட்டு மூடுபனியில் மாட்டிக்கொண்டவனும் நான்தான். அதனால் சாயங்காலம், தூறல், பின்னால் பாரம் வைத்து, பஸ்ஸுக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றிப் பழகுங்கள். இப்போதெல்லாம் மேலே வேலை இல்லாவிட்டாலும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வருகிறேன்.

நோட்டு டாங் டெஸ்டருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. பயக் கணக்குக்கும் வேலைக் கணக்குக்கும் இப்போது ஒரே நோட்டுதான். போன வாரம் எழுதினது: பதின்மூன்றாவது வளைவு, இறக்கம், மூடுபனி, 35, நாலு நிமிஷத்தில் 10. அதற்குக் கீழே, பல்ப்பர் மோட்டார், 6205 பேரிங் இரண்டு, கிரீஸ், கூலி 900.